அம்மா தலையில் அடித்த சத்தியம்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு துணிக்கடை. அதன் மேல்மாடியில் பலகை அடித்துப் பிரித்த சின்ன அறை. அதில் ஒரு மேசை, ஒரு தொலைபேசி, நான். கீழே கொண்டக்டர்கள் "நோர்வூட், நோர்வூட், பொகவந்தலாவ" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். யாராவது அழைத்து அழும்போது ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டுதான் கேட்பேன். என் வேலைக்கு உளவளத்துணையாளர் என்று பெயர். பெயர் மட்டும் நீளம்.

இரண்டாயிரங்களின் பின்பாதி அது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் கைக்குக் கைத்தொலைபேசி வரத் தொடங்கியிருந்தது. ஒரு தொண்டு நிறுவனம் எங்களை வேலைக்கு எடுத்து, தொலைபேசியிலேயே ஆற்றுப்படுத்தலாம் என்றது. அது சரியான யோசனைதான். எங்கள் படியில் ஒருத்தி ஏறுவதை ஒரு கண் பார்த்தால் போதும், பஸ் டிக்கோயாவைத் தாண்டுமுன் அவளுக்குப் பைத்தியம் என்று தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். தொலைபேசியில் முகம் இல்லை, பெயர் வேண்டியதில்லை. அழைப்பவரை நாங்கள் போய்ப் பார்க்கவும் கூடாது. அது விதி.

அழைப்புகளில் முக்கால்வாசி குடிக்கிற புருஷன்மாரைப் பற்றியவை. "நெட்டுப் பைத்தியம் பிடிச்சிருச்சு மிஸ், அதுக்கு மருந்து இருக்கா?" என்று ஒரு நாள் ஒரு இளைஞன் கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவனே தன்னைப் பற்றித்தான் கேட்கிறான் என்று தெரிந்ததும் சிரிப்பு போய்விட்டது.

அவனுக்கு இருபத்துமூன்று வயது. நோர்வூட் பக்கத்துத் தோட்டம். உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்தான். அப்பா இல்லை. அம்மா கொழுந்து எடுக்கிறாள். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. கோயிலுக்கு மேலே இருந்த தண்ணித் தொட்டியடியில் மட்டும்தான் கிடைக்கும். செவ்வாயும் வெள்ளியும் மூன்றரை மணிக்கு அங்கே ஏறி நின்று என்னை அழைப்பான். என் கொப்பியில் அவனுக்குப் பெயர் இல்லை, "தண்ணித் தொட்டி" என்றுதான் எழுதியிருந்தேன். பேச்சுக்குப் பின்னால் எப்போதும் காற்று இரைந்துகொண்டிருக்கும்.

கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸில் ஹட்டனுக்கு வருவான். நெட் கடை திறக்கும்போது உள்ளே போனால், கடைசி பஸ்ஸுக்குத்தான் வெளியே வருவான். சாப்பாடு கிடையாது. ஒன்றுக்குப் போகக்கூட எழும்பாமல் இருப்பானாம். ஆபாசப் படமா, விளையாட்டா என்று கேட்டேன். இரண்டும் இல்லை. சாட் பண்ணுவதுதான். முகம் தெரியாத ஆட்களோடு நாள் முழுக்க எழுத்தில் பேச்சு. அங்கே அவன் கொழும்பில் பெரிய வீட்டுப் பிள்ளை.

"அங்க யாரும் நீ எந்தத் தோட்டம்னு கேக்க மாட்டாங்க மிஸ்" என்றான். "இங்க அத கேக்காத ஆளே கெடையாது."

எனக்குச் சுருக்கென்றது. நானும் கினிகத்தேனைப் பக்கத்தில் லயத்தில் பிறந்தவள்தான். அந்தக் கேள்வியின் வாடை எனக்கும் தெரியும்.

எங்களுக்கு ஒரு கைநூல் தந்திருந்தார்கள். எங்கேயோ எழுதியதைக் கொழும்பில் தமிழாக்கியது. கணினியைக் குடும்பத்தார் புழங்கும் கூடத்தில் வையுங்கள் என்றது. இவனிடம் கணினி இல்லை, கூடமும் இல்லை. படுக்கையறைக்குள் இணையம் வேண்டாம் என்றது. லயத்தின் ஒற்றைக் காம்பிராவில் அடுப்பும் படுக்கையும் சாமிப்படமும் ஒரே இடத்தில். இந்த நூலை வைத்துக்கொண்டு நான் யாருக்கு வைத்தியம் பார்க்க? எரிச்சலில் அதை மேசையின் ஆடுகிற காலுக்கு அண்டக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அது எனக்கு உண்மையிலேயே உதவியது.

மூன்று மாதம் பேசினோம். நாட்குறிப்பு எழுதச் சொன்னேன். வாரத்தில் இரண்டு நாள் ஹட்டனுக்கு வராமல் இருக்கச் சொன்னேன். வரமாட்டேன் என்பான், வருவான், வரவில்லை என்று பொய் சொல்வான், அடுத்த வெள்ளி தானே ஒப்புக்கொண்டு அழுவான். பிறகு நியமனத்துக்கான நேர்முகத் தேர்வு வந்தது. நுவரெலியாவுக்குப் போக வேண்டியவன் ஹட்டனில் இறங்கி, பஸ் கிளம்பப் பத்து நிமிடம் இருக்கிறதே என்று நெட் கடைக்குள் நுழைந்திருக்கிறான். வெளியே வந்தபோது பின்னேரம் இரண்டு மணி.

அந்த வெள்ளிக்கிழமை அழைத்தது அவன் அல்ல, அவன் அம்மா. அவன் எல்லாவற்றையும் அவளிடம் ஒப்புக்கொண்டிருந்தான்; தண்ணித் தொட்டிக்கு அவளே ஏறி வந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"மிஸ்ஸுங்களா? நான் அவனோட அம்மாங்க. இன்டர்வியூவுக்கு இன்னொரு தடவ கூப்பிடுவாங்களாம். அதையும் விட்டுட்டான்னா எம்புள்ளையும் பெரட்டுக்களத்துல வந்து நிக்க வேண்டியதுதாங்க. நான் நின்னது போதாதுங்களா?"

பெரட்டுக்களம் என்பது விடியற்காலையில் தோட்டத்து ஆட்கள் வரிசையாக நின்று அன்றைக்கான வேலையை வாங்கிக்கொள்ளும் இடம். முப்பது வருடம் அவள் அங்கே நின்றிருக்கிறாள். மகன் அங்கே நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவளுடைய ஆசை. அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், பெரும் குடிகாரர். எனக்கு ஏழு வயதாக இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா அவரைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனாள். அப்பா இடது கையை என் தலையில் வைத்து, வலது கையால் எரிகிற சூடத்தை அடித்து அணைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். மீறினால் தலை கொடுத்தவருக்குத்தான் ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அன்றிலிருந்து எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்க்குமுன் அப்பாவின் வாயை மோந்து பார்ப்பாள். அவர் பிறகு குடிக்கவில்லை. நான் படித்தேன், வேலைக்கு வந்தேன். என் தலையால்தான் எங்கள் வீடு நிமிர்ந்தது என்ற பெருமை எனக்குள் இருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, நிறையவே.

எங்களுக்குப் பயிற்சி தந்தவர் யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர். முதல் நாளே அவர் சொல்லியிருந்தார்: "பிள்ளை, சத்தியம் கித்தியம் எண்டு ஒருத்தரையும் செய்ய வைக்காதையுங்கோ. அவர் அதை மீறினால் பழைய வருத்தத்தோட புதுப் பாரம் ஒண்டும் சேரும். பிறகு அதை ஆர் இறக்கிறது?"

இவருக்கு எங்கள் சனத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். புத்தகத்தில் படித்தவர். நான் சூடத்தில் வளர்ந்தவள்.

அந்த அம்மாவிடம் சொன்னேன். "அவர கோயில்ல சூடம் அடிச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க. நெட் கடைக்குள்ள கால் வைக்கமாட்டேன்னு. எங்கப்பா அப்பிடித்தான் குடிய விட்டாரு."

மறுமுனையில் அவள் குரலே மாறிவிட்டது. இத்தனை நாள் மகனிடம் நாட்குறிப்பு, மனப்பழக்கம் என்று அவளுக்குப் புரியாததைச் சொல்லிக்கொண்டிருந்த மிஸ் இப்போதுதான் மனிதப் பாஷை பேசுகிறாள் என்பதைப் போல.

"என் தலையிலயே அடிக்கட்டுங்க மிஸ். எனக்கு ஒன்னும் ஆகாது. எம்புள்ள என்னைய வச்சு சொன்ன சொல்ல மீறமாட்டான்."

அவன் அடித்தான். மீறவும் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் அழைத்தான். தூக்கம் இல்லை என்பான், ஆனால் நெட் கடைப் பக்கமே வரவில்லை. ஒரு நாள் ஹட்டனைத் தாண்டிப் போக வேண்டி வந்தபோது, அந்தக் கடை இருக்கிற தெருவைத் தவிர்க்க டிக்கோயாவிலேயே இறங்கிச் சுற்றி நடந்தானாம். இரண்டாம் நேர்முகத் தேர்வுக்குப் போனான், நன்றாகச் செய்தான். நான் அம்மையாரிடம் போய் என் கெட்டித்தனத்தைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நல்லது பிள்ளை, ஆனா எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார். பொறாமை என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

தெரிவானவர்களின் பட்டியல் தபாலில் வருமுன் இணையத்தில் வந்துவிட்டது. யாரோ கூட்டாளி சொல்லியிருக்கிறான். எனக்கு அது தோன்றவே இல்லை. எந்தக் கடைக்குள் கால் வைக்கமாட்டேன் என்று அவனை அடிக்க வைத்தேனோ, அவன் காத்திருந்த சேதி அந்தக் கடைக்குள்தான் வரும் என்று நான் யோசிக்கவில்லை. என்னைக் கேட்டிருந்தால் நானே பார்த்துச் சொல்லியிருப்பேன். அன்று புதன்கிழமை. வெள்ளி வரை பொறுக்க அவனால் முடியவில்லை.

பெயரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று உள்ளே போனான். பெயர் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. சாட் அறையைத் திறந்தான். மாதக்கணக்காகக் காணவில்லையே என்று எல்லோரும் விசாரித்தார்கள். ஆனால் அங்கே அவன் கொழும்பில் பெரிய வீட்டுப் பிள்ளை அல்லவா? தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? சொல்லாமலே நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். வாழ்க்கையில் கிடைத்த ஒரே நல்ல சேதியை மடியில் மறைத்துக்கொண்டு, எங்கேயும் இல்லாத ஒருவனாக வாய்க்கு வந்ததை எழுதிக்கொண்டிருந்தான்.

இதெல்லாம் அவன் பிறகு சொன்னது. அந்த வெள்ளிக்கிழமை வேலை கிடைத்ததை மட்டும் சொன்னான். அம்மா லயம் முழுக்கச் சீனி கொடுத்தாள் என்றான். பட்டியல் எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்குப் புத்தி வரவில்லை. சிரித்துக்கொண்டே தொலைபேசியை வைத்தேன்.

அடுத்த செவ்வாய் மூன்றரைக்கு அழைப்பு வரவில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது.

"மிஸ், அம்மா போயிட்டாங்க."

திங்கட்கிழமை கொழுந்து மலையில் குளவிக்கூடு கலைந்திருக்கிறது. மற்றவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். இவளுக்கு முழங்கால் வலி, ஓட முடியவில்லை. தலையெல்லாம் கொட்டியிருந்ததாம். தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. தலையெல்லாம் என்று அவன் மறுபடியும் சொன்னான்.

பிறகு புதன்கிழமைக் கதையைச் சொன்னான். அழவில்லை. கணக்கு வாத்தியாரிடம் விடையைச் சொல்கிற பையன் மாதிரி ஒவ்வொரு படியாகச் சொன்னான். புதன் மீறினேன். திங்கள் செத்தாங்க. தலைல அடிச்சேன். தலைல கொட்டுச்சு.

"மிஸ், நீங்க சொல்லுங்க. நான் மீறுனதாலயா அம்மா செத்தாங்க?"

இல்லை என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைதான் என் வேலை. குளவிக்குச் சத்தியம் தெரியாது, எங்கள் மலைகளில் குளவி கொட்டிச் செத்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எல்லோர் தலையிலுமா யாரோ சூடம் அடித்தார்கள் என்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரியும். வாயும் திறந்தேன். ஆனால் அந்த நேரம் என் தலையில் அப்பாவின் கை இருந்தது. சத்தியத்துக்குச் சக்தி இல்லை என்றால், நான் உயிரோடு இருக்க வேண்டுமே என்று அவர் குடியை விட்டதற்கு என்ன அர்த்தம்? சக்தி உண்டு என்றால், இவனுக்கு நான் என்ன சொல்வது?

மூன்று விநாடியோ நான்கு விநாடியோ இருக்கும். நேரில் என்றால் கையைப் பிடித்திருப்பேன், கண்ணைப் பார்த்திருப்பேன். தொலைபேசியில் மௌனத்துக்கு முகம் கிடையாது. அவன் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டான்.

"சரிங்க மிஸ்" என்றான். மரியாதையாக வைத்துவிட்டான்.

அடுத்த நிமிடமே திருப்பி அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுநாள் அந்த மணியும் இல்லை. தொடர்புகொள்ள முடியாது என்று மூன்று மொழியில் ஒரு பெண் சொன்னாள். செவ்வாய், வெள்ளி என்று இரண்டு மாதம் மூன்றரை மணிக்கு வேறு அழைப்பை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அம்மையாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்கள் இண்டைக்கு வீட்டை போங்கோ பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

அப்பா அப்போது ஹட்டனில் என்னோடுதான் இருந்தார். ஒரு ஞாயிறு காலை வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது. அவர் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும் போல் இருந்தது.

"அப்பா, அந்தச் சத்தியத்த நீங்க ஒரு தடவகூட மீறலதான?"

அவர் திருட்டு முழியோடு என்னைப் பார்த்தார். எழுபது வயதில் அந்த முழி பார்க்கச் சகிக்கவில்லை.

"மூனு தடவம்மா. ஒன் சித்தப்பன் கல்யாணத்துல ஒருக்கா. பெறகு கினிகத்தேனைல ரெண்டு தடவ. கல்யாணத்துல குடிச்சிட்டு நடுங்கிட்டே வீட்டுக்கு வந்தேன், ஒனக்கு என்னமோ ஆயிருக்கும்னு. நீ பள்ளிக்கூட ஓட்டப்போட்டில மொதலா வந்து கப்பத் தூக்கிட்டு நின்ன. அப்பத்தான் தெரிஞ்சுச்சு, சாமி இதெல்லாம் பாக்குறதில்லன்னு. ஒங்கம்மாக்கிட்ட சொல்லிறாத."

அம்மா செத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. ஓடிப் போய்த் தொலைபேசியை எடுத்தேன். தொடர்புகொள்ள முடியாது என்று மூன்று மொழியில் சொன்னாள் அந்தப் பெண். இந்த ஒரு சேதி அந்த வியாழக்கிழமை என் கையில் இருந்திருந்தால் போதும். என் அப்பா மூன்று தடவை மீறினார் தம்பி, நான் கப்போடு நின்றேன் என்று சொல்லியிருப்பேன். ஒரு விநாடி தயங்கியிருக்க மாட்டேன். இனியாவது சொல்ல வேண்டும் என்று ஆவேசம் வந்தது. விதியாவது மண்ணாவது என்று அடுத்த நாள் நோர்வூட் பஸ்ஸில் ஏறினேன்.

தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் அவன் எப்போதோ சொன்னது. கோயிலுக்கு மேலே தண்ணித் தொட்டி இருந்தது. நான் மனதில் நினைத்திருந்ததைவிடச் சின்னது. ஒரு பெண்ணிடம் குளவி கொட்டிச் செத்த அம்மாவின் மகன் எங்கே என்று விசாரித்தேன். அவள் சாதாரணமாகக் கையை நீட்டினாள். "அந்தா, மருந்தடிக்கிறாங்க பாருங்க. அம்மா செத்த மறுவாரமே தோட்ட வேலைக்குப் பேர் பதிஞ்சிட்டான். வாத்தியார் வேலைக்கு லெட்டர் வந்துச்சு. ஒடைக்கவே இல்லயே பாவி மகன்." வேலையில் சேர வேண்டிய தேதி போன மாதமே கடந்துவிட்டது என்றும் சொன்னாள்.

தேயிலை வரிசைக்கு நடுவே களைமருந்து டின்னை முதுகில் கட்டிக்கொண்டு வந்தான். மெலிந்தவன், நான் நினைத்ததைவிடக் குட்டை. "தம்பி" என்றேன். அந்த ஒரு சொல்லிலேயே என் குரலைத் தெரிந்துகொண்டான். டின்னை இறக்கி வைத்தான்.

"மிஸ்ஸுங்களா? எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

மூச்சுவிடாமல் சொன்னேன். என் தலை, அப்பாவின் கை, சித்தப்பா கல்யாணம், கினிகத்தேனை, ஓட்டப்போட்டிக் கப் எல்லாவற்றையும். "அவரு மூனு தடவ மீறுனாரு தம்பி. எனக்கு ஒன்னும் ஆகல, பாருங்க, முன்னாடியே நிக்கிறேன். சத்தியத்துல ஒன்னும் இல்ல. அது வெறும் குளவி." அன்றைக்குச் சொல்லாததையெல்லாம் சொல்லி முடித்தேன். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அவன் கவனமாகக் கேட்டான். என் முகத்தை முதல் தடவையாகப் பார்க்கிறவன், என் தலையைப் பார்த்தான்.

"ஒங்கப்பா மூனு தடவ மீறியும் சாமி ஒங்கள விட்டுருச்சு" என்றான். "நான் ஒரே ஒரு தடவ. அதுக்கே எங்கம்மாவ எடுத்துக்கிருச்சு. அப்ப நான் எவ்வளவு பெரிய பாவின்னு பாத்துக்கங்க மிஸ்."

இந்தத் தடவை வைத்துவிட்டுப் போக அவன் கையில் தொலைபேசி இல்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். கீழே கங்காணி அவனைக் கூப்பிட்டார். டின்னைத் திரும்பத் தூக்கி மாட்டிக்கொண்டு, "பாத்துப் போங்க மிஸ், எறக்கத்துல வழுக்கும்" என்று சொல்லிவிட்டு வரிசைக்குள் போனான்.